மாதவிடாய் நின்ற பின் எலும்பு: அளவும் ஆபத்தும்

எலும்பு உயிருள்ள திசு. கொலாஜன் என்னும் புரத இழைகளின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் படிந்து அது இறுகுகிறது. இழை அதற்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. படிகம் கெட்டித்தன்மையைத் தருகிறது. இறுகிய பிறகும் அது அப்படியே இருந்துவிடுவதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கின்றன. அவற்றின் பின்னாலேயே வரும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்புகின்றன. பறிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் போதும். நிரப்பி முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகிறது. வளர்ந்தவர்கள் உடலில் மொத்த எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

முப்பது வயதை ஒட்டி எலும்பின் அளவு உச்சத்தைத் தொடுகிறது. அதன்பின் பல ஆண்டுகள் பறிப்பும் நிரப்பும் ஏறக்குறைய ஈடாக நடக்கின்றன. பெண் உடலில் இந்த ஈடுகட்டலைக் காப்பது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன்தான். கரைக்கும் செல்கள் உருவாக ராங்க்-எல் என்னும் புரதம் தேவை. ஈஸ்ட்ரோஜன் அந்தப் புரதத்தைக் குறைக்கிறது. அதைப் பிடித்து முடக்கும் இன்னொரு புரதத்தைக் கூட்டுகிறது. சூலகம் ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. கரைக்கும் செல்கள் பெருகி நீண்ட நாள் உயிரோடிருந்து ஆழமாகப் பறிக்கின்றன. நிரப்பும் செல்களும் கூடுதலாக உழைக்கத்தான் செய்கின்றன. ஆனால் பறித்த அளவுக்கு நிரப்ப முடிவதில்லை. பாஸ்டன் நகரின் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், முள்ளெலும்பு நொறுங்கி வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்களாக இருப்பதைக் கவனித்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை 1941இல் எழுதினார். செல்களின் மட்டத்தில் அதற்கு விளக்கம் கிடைக்க அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. ராங்க்-எல் கண்டறியப்பட்டது 1990களின் பின்பகுதியில்தான்.

இழப்பு ஒரே வேகத்தில் நடப்பதில்லை. நடுவயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வில், கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பே சரிவு தொடங்கிவிடுவது தெரிந்தது. அதன்பின் இரண்டு ஆண்டு வரை வேகமாக இறங்கிப் பிறகு நிதானப்படுகிறது. பத்து ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாகப் பத்து சதவீதம் போல் குறைகிறது. அதில் பெரும்பகுதி அந்த மூன்று ஆண்டுக்குள் போய்விடுகிறது. இந்தியாவில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாடுகளில் 51. ஆகவே இங்கே இழப்பு நான்கைந்து ஆண்டு முன்னதாகவே தொடங்குகிறது. கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் இளவயதிலேயே எடுத்துவிட்ட பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைவதில்லை, அறுவை நடந்த நாளிலிருந்தே நின்றுபோகிறது. நாற்பது வயதுக்குள் இந்த அறுவையைச் செய்துகொண்டவரின் எலும்பைப் பற்றி யாரும் பேசாமல் அனுப்பிவிடுவது பெரிய குறை.

எல்லா எலும்பும் ஒரே மாதிரி இழப்பதும் இல்லை. கை, கால்களின் நீண்ட எலும்புகளின் தண்டு கெட்டியானது. முள்ளெலும்பின் உட்புறமும் எலும்பு முனைகளின் உட்புறமும் பஞ்செலும்பால் ஆனவை. மெல்லிய தட்டுகளும் கம்பிகளும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அமைப்பு அது. உடலின் எலும்பு எடையில் பஞ்செலும்பு ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் மேற்பரப்பில் பெரும்பங்கு அதனுடையது. கரைப்பது மேற்பரப்பில்தான் நடக்கும் என்பதால் முதல் அடி பஞ்செலும்பின்மேல் விழுகிறது. கட்டடத்துக்குப் போடும் சாரத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நெட்டுக்கு நிற்கும் சவுக்குக் கம்புகள்தாம் சுமையைத் தாங்குகின்றன; ஆனால் அவை வளையாமல் நிற்பது குறுக்குக் கம்புகளால். இரண்டு குறுக்குக் கட்டுக்கு நடுவே நெட்டுக் கம்பின் நீளம் இரட்டித்தால், வளையாமல் அது தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட கணக்கு. பஞ்செலும்பில் மெலிந்து அறுபடுவது பெரும்பாலும் இந்தக் குறுக்குக் கம்பிகளே. அறுந்துபோன கம்பியின் மேல் புது எலும்பு படியவும் இடமில்லை. பத்து சதவீத எலும்பு போனால் பத்து சதவீத வலுதான் போகும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

இப்படி மெலிந்து நுண்துளைகள் பெருகிய நிலையே எலும்புப்புரை, மருத்துவர்கள் சொல்லும் ஆஸ்டியோபோரோசிஸ். முழங்கால் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்புப்புரை முறியும்வரை வலிக்காது. முறிவுகள் வயதுக்கேற்ப வரிசையாக வருகின்றன. ஐம்பதுகளில் விழுகிறவர் கையை முன்னே ஊன்றிக்கொள்கிறார், மணிக்கட்டு முறிகிறது. எழுபதுகளில் அந்த அனிச்சை வேகம் குறைந்துவிடுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து இடுப்பை அடித்துக்கொள்கிறார், தொடை எலும்பின் கழுத்து முறிகிறது. முள்ளெலும்பு நசுங்குவதற்கு விழவே வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, கட்டிலை நகர்த்துவது போதும். நசுங்கும் முள்ளெலும்புகளில் மூன்றில் ஒன்று அளவுக்கே மருத்துவர் கவனத்துக்கு வருகின்றன. மற்றவை வாயு, பிடிப்பு, வயது என்று சொல்லப்பட்டுப் போகின்றன. இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். இடுப்பு முறிவு இவற்றில் மிகக் கொடியது. முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைப்பவர்களில் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறித் தெரிவதற்குள் கால்பங்குக்கும் மேல் தாது போயிருக்கும். அதற்கு முன்பே அளந்து சொல்லும் கருவி வேண்டியிருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் கேமரானும் ஜேம்ஸ் சோரன்சனும் 1963இல் அதற்கு வழி காட்டினார்கள். ஐசோடோப்பிலிருந்து வரும் மெல்லிய கதிர்க்கற்றையை முன்கையின் வழியே செலுத்தி, எலும்பு எவ்வளவை உறிஞ்சிக்கொண்டது என்று கணக்கிட்டார்கள். முதுகுக்கும் இடுப்புக்கும் அந்த முறை உதவவில்லை, சுற்றியுள்ள தசையும் கொழுப்பும் கணக்கைக் கெடுத்தன. இரண்டு வேறு ஆற்றல் கொண்ட கதிர்களைப் பயன்படுத்தினால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மென்திசுவின் பங்கை நீக்கிவிடலாம். இந்த உத்தியை எக்ஸ்கதிரில் செய்யும் கருவி 1987இல் விற்பனைக்கு வந்தது. அதுவே இன்றைய டெக்சா ஸ்கேன்.

பரிசோதனைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஊசி இல்லை, குகைபோன்ற குழாய்க்குள் நுழைய வேண்டியதும் இல்லை. மேசையில் மல்லாந்து படுத்தவரின் கால்களை ஒரு மெத்தைப் பெட்டியின் மேல் தூக்கி வைக்கிறார்கள். அடிமுதுகின் வளைவு தட்டையாகி முள்ளெலும்புகள் தனித்தனியே தெரிகின்றன. இடுப்பை எடுக்கும்போது பாதத்தை உட்புறமாகத் திருப்பி ஒரு தாங்கியில் பட்டைபோட்டுக் கட்டுகிறார்கள். தொடை எலும்பின் கழுத்து அப்போதுதான் குறுகித் தெரியாமல் முழு நீளத்தில் விழும். பாதம் சற்று நேராக நின்றுவிட்டாலும் அளவு மாறிவிடும். சேலையின் சரிகை, கொக்கி, ஊக்கு, வெள்ளி அரைஞாண் எல்லாம் கதிரை மறிக்கும் என்பதால் மாற்றுடை தருகிறார்கள். காலையில் விழுங்கிய கால்சியம் மாத்திரை கரையாமல் குடலில் கிடந்தால், முள்ளெலும்பின் மேல் அதுவும் எலும்பாகவே கணக்கில் ஏறும். கதிர்வீச்சோ மிகச் சொற்பம். ஓரிரு நாளில் இயற்கையிலிருந்தே உடல் வாங்கிக்கொள்ளும் அளவுதான்.

முதுகெலும்பின் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அறுபதைத் தாண்டியவர்களின் முள்ளெலும்பு ஓரங்களில் துருத்தி வளர்ந்த எலும்பும், அதன் முன்னே ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பும் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். நசுங்கிய முள்ளெலும்பில் அதே தாது குறைந்த பரப்பில் அடைந்திருப்பதால், உடைந்த எலும்பே மற்றவற்றைவிட வலுவானதாக அறிக்கையில் நிற்கும். ஆகவே நான்கு முள்ளெலும்புகளில் அக்கம்பக்கத்தோடு பொருந்தாததை விலக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவு, வயதானவர்கள் விஷயத்தில் அடிக்கடி தவறிவிடுகிறது.

அறிக்கையில் வரும் டி-ஸ்கோர் ஓர் ஒப்பீடு. இளவயதுப் பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து ஒருவர் எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறார் என்பதே அது. தொடை எலும்பின் கழுத்துக்கு உலகளவில் கொண்டுள்ள அடிப்படை, 20 முதல் 29 வயது வரையான அமெரிக்க வெள்ளையினப் பெண்களின் அளவு. சராசரி சதுர சென்டிமீட்டருக்கு 0.858 கிராம், திட்ட விலக்கம் 0.120. ஒருவருக்கு 0.600 வந்தால், 0.858இலிருந்து குறைவு 0.258; அதை 0.120ஆல் வகுத்தால் டி-ஸ்கோர் மைனஸ் 2.15. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வெளியிட்ட அறிக்கையில் மைனஸ் 2.5க்கும் அதற்குக் கீழும் எலும்புப்புரை, மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையே குறைந்த அடர்த்தி என்று வகுத்தது. மைனஸ் 2.5இல் எலும்பில் ஏதோ தடாலென்று மாறிவிடுவதில்லை. மக்கள்தொகையில் நோயின் பரவலைக் கணக்கிட ஏதாவது ஓரிடத்தில் கோடு போட வேண்டியிருந்தது. மாதவிடாய் நின்ற வெள்ளையினப் பெண்களில் சுமார் முப்பது சதவீதத்தினர் அதற்குக் கீழே வரும்படி அந்தக் கோடு அமைந்தது. ஆய்வாளர்களின் வசதிக்காகப் போட்ட கோடு, பிறகு மருத்துவமனைகளில் நோய்த்தீர்ப்பாகவே மாறிவிட்டது.

இந்தியப் பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். டெக்சா தருவது உண்மையான அடர்த்தி அல்ல, எலும்பின் நிழலின் பரப்பால் தாதுவை வகுத்த எண். ஒரே பொருளில் செய்த இரண்டு கனசதுரங்களை எடுத்துக்கொள்வோம், ஒன்றின் பக்கம் 2 சென்டிமீட்டர், மற்றொன்றின் பக்கம் 3 சென்டிமீட்டர். பொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்றால் எடை 8 கிராம், 27 கிராம். நிழலின் பரப்பு 4, 9. கருவி சொல்லும் விடை 2, 3. பொருள் ஒன்றேயானாலும் சிறியது அடர்த்தி குறைந்ததாகத் தெரிகிறது. குட்டையான, சிறிய எலும்புடைய பெண்ணை உயரமான மக்களின் சராசரியோடு ஒப்பிட்டால் அவருடைய குறை கொஞ்சம் மிகையாகவே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர்களுக்கென்றே தனி அடிப்படை அளவுகளைத் தொகுத்திருக்கிறது. எந்த அடிப்படையோடு ஒப்பிட்டார்கள் என்பதை அறிக்கையில் பார்த்துக்கொள்வது நல்லது. இப்படிச் சொல்வதால் இங்கே பிரச்சினை சிறியது என்று ஆகிவிடாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் சிறுநகர்ப்புறத்தில் நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் டி-ஸ்கோர் எலும்புப்புரை வரம்பில் இருந்தது. உணவில் கால்சியமும் இரத்தத்தில் வைட்டமின் டியும் பலருக்குக் குறைவு. இத்தனை வெயில் அடிக்கும் ஊரிலும் வைட்டமின் டி போதவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

அடர்த்தி குறையக் குறைய முறிவின் ஆபத்து கூடுகிறது என்பதில் ஐயமில்லை. இடுப்பில் ஒரு திட்ட விலக்கம் இறங்கினால் இடுப்பு முறிவின் ஆபத்து இரண்டரை மடங்கு போல் ஏறுகிறது. இருந்தும் முறிந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால் வேறொரு காட்சி கிடைக்கிறது. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த நோரா ஆய்வின் 2004ஆம் ஆண்டு அறிக்கைப்படி, எலும்பு முறிந்தவர்களில் 82 சதவீதத்தினரின் டி-ஸ்கோர் மைனஸ் 2.5க்கு மேலேயே இருந்தது. அந்த ஆய்வு விரல், முன்கை, குதிகால் போன்ற ஓர எலும்புகளை அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இடுப்பையே அளந்த நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்விலும், முள்ளெலும்பு தவிர்த்த முறிவுகளில் பாதிக்கும் மேல் அந்தக் கோட்டுக்கு மேலிருந்த பெண்களுக்கே நேர்ந்தன. கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் ஆபத்து அதிகம். கோட்டுக்கு மேலே உள்ளவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அடர்த்திக்கு வெளியே இருக்கும் ஆபத்துகளில் முதலாவது வயது. ஒரே டி-ஸ்கோர் உள்ள ஐம்பது வயதுப் பெண்ணையும் எண்பது வயதுப் பெண்ணையும் ஒப்பிட்டால் மூத்தவரின் ஆபத்து பல மடங்கு. அவருடைய எலும்பின் உள்ளமைப்பு கூடுதலாகச் சிதைந்திருக்கிறது, அவர் விழும் வாய்ப்பும் கூடுதல். இரண்டாவது, ஏற்கெனவே முறிந்திருப்பது. தாய் தந்தையருக்கு இடுப்பு முறிவு, புகை, மது, முடக்குவாதம், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை, மெலிந்த உடல் ஆகியவையும் இவற்றோடு சேர்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழுவினர் இவற்றையெல்லாம் ஒன்றாக்கி 2008இல் ஃப்ராக்ஸ் என்னும் கணிப்பானைக் கொண்டுவந்தார்கள். அடுத்த பத்து ஆண்டில் முறிவு நேரும் வாய்ப்பை அது சதவீதமாகச் சொல்கிறது. டெக்சா எண் இல்லாமலும் அதைப் பயன்படுத்தலாம். இந்தியாவுக்கான பதிப்பும் உண்டு. அதில் விடுபட்டவையும் உண்டு. எத்தனை முறை விழுந்தார் என்று அது கேட்பதில்லை. ஸ்டீராய்டு உண்டா இல்லையா என்று கேட்கும், எவ்வளவு என்று கேட்காது. தமிழ்நாட்டுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விடுபடல், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். நெடுநாள் சர்க்கரை கொலாஜன் இழைகளைக் கெடுத்து எலும்பை நொறுங்கும்படி ஆக்குகிறது. டெக்சாவோ இந்தப் பெண்களுக்கு இயல்பான, சில சமயம் கூடுதலான அடர்த்தியைக் காட்டுகிறது. பார்வைக் குறைவும் பாத மரத்துப்போதலும் விழுவதைக் கூட்டுகின்றன. இருபது ஆண்டு சர்க்கரை உள்ள பெண்ணிடம் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி உண்மையைச் சொன்னதாகவே ஆகும்.

யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 65 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாப் பெண்களுக்கும், அதற்குக் குறைந்த வயதில் மாதவிடாய் நின்று ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கிறது. 2025இல் அதை மறுபடியும் உறுதிசெய்தது. பிரிட்டனில் எல்லாருக்குமான திட்டம் கிடையாது. ஆனால் அந்த நாடு கேள்வியை நேரடியாகச் சோதித்தது. ஸ்கூப் என்னும் ஆய்வில் 70 முதல் 85 வயது வரையான 12,483 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதலில் ஃப்ராக்ஸ் வினாக்களை அனுப்பி, ஆபத்து கூடியவர்களுக்கு மட்டும் டெக்சா எடுத்து மருந்து கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவு 2018இல் வந்தது. மொத்த முறிவுகளில் தெளிவான வேறுபாடு இல்லை. இடுப்பு முறிவு மட்டும் 28 சதவீதம் குறைந்தது. முதலில் கேட்டு வடிகட்டி, பிறகு அளப்பது பயன் தரும் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

டெக்சா கருவி பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கும் நாட்டுக்கு வடிகட்டி இன்னும் எளிதாக இருக்க வேண்டும். எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை வைத்து 2001இல் உருவான ஆஸ்டா கணக்குக்கு ஓர் எடைக்கருவி போதும். எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். 45 கிலோ எடையுள்ள 70 வயதுப் பெண்ணுக்கு விடை மைனஸ் 5. மைனஸ் 4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். மைனஸ் 1க்கு மேலே இருந்தால் குறைவு. கிராமச் செவிலியர் ஒரு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. முகாம்களிலும் மருந்துக்கடை வாசல்களிலும் குதிகாலைக் கருவிக்குள் வைத்துப் பார்க்கும் சோதனை டெக்சா அல்ல, அல்ட்ராசவுண்ட். முறிவின் ஆபத்தை அது ஓரளவு சுட்டும். ஆனால் மைனஸ் 2.5 என்னும் வரம்பு அதற்குப் பொருந்தாது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மருந்து தொடங்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஒரு சோதனை உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் எலும்பு தன் நிலையைத் தானே சொல்லிவிட்டது. பெரும்பாலும் நடப்பதென்ன? மாவுக்கட்டுப் போடுகிறார்கள், ஆறு வாரத்தில் பிரிக்கிறார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது. முறிவைச் சேர்ப்பவர் ஒரு மருத்துவர், எலும்புப்புரையைப் பார்ப்பவர் வேறொருவர். நோயாளி இருவருக்கும் நடுவில் நழுவிவிடுகிறார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஐம்பது வயதைக் கடந்து எலும்பு முறிந்து வரும் ஒவ்வொருவரையும் ஒரு செவிலியர் தேடிப் பிடித்து ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் அனுப்பும் ஏற்பாடு அது. பல நாடுகள் பின்னர் அதைப் பின்பற்றின. செலவு குறைந்த, பலன் உறுதியான ஏற்பாடு இதுவே; நம் அரசு மருத்துவமனைகளின் மாவுக்கட்டு அறைகளிலும் இது நடக்க வேண்டும்.

ஒருமுறை எடுத்த ஸ்கேனை ஆண்டுதோறும் திரும்ப எடுக்கும் பழக்கத்துக்கு ஆதாரம் குறைவு. அமெரிக்காவில் 67 வயதைக் கடந்த பெண்களைப் பின்தொடர்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், டி-ஸ்கோர் மைனஸ் 1.5க்கு மேல் இருந்தவர்களில் பத்தில் ஒருவர் எலும்புப்புரைக்கு வந்துசேர ஏறத்தாழ 15 ஆண்டு ஆயிற்று. மைனஸ் 2க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஓராண்டே போதுமாக இருந்தது. கருவியின் பிழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே கருவியில் எடுத்தாலும் முதுகெலும்பில் மூன்று முதல் ஐந்து சதவீதத்துக்குக் குறைந்த மாற்றத்தை உண்மையான மாற்றமென்று சொல்ல முடியாது. வேறு மையத்தில் வேறு நிறுவனக் கருவியில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஆபத்து கூடியவர் என்று தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் சொல்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டியும், நூறு மில்லி பசும்பாலில் 120ஐ ஒட்டியும் உண்டு. உணவும் நடையும் தசை வலுவும் அடித்தளம். வழுக்கும் குளியலறைத் தரை, இருட்டான படிக்கட்டு, கண்புரை, தூக்க மாத்திரை ஆகியவற்றைக் கவனிப்பதும் சிகிச்சையின் பகுதிதான். ஆனால் முள்ளெலும்பு நசுங்கியவருக்கு இவை மட்டும் போதாது. 1996இல் வெளியான பெரிய ஆய்வில் அலெண்ட்ரோனேட் மாத்திரை, முன்பே முள்ளெலும்பு நசுங்கியிருந்த பெண்களின் அடுத்த முள்ளெலும்பு முறிவையும் இடுப்பு முறிவையும் பாதியாகக் குறைத்தது. ஆண்டுக்கொரு முறை சிரையில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 2007 ஆய்வில் முள்ளெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. தாடை எலும்பு பட்டுப்போவதும் தொடை எலும்பு வழக்கத்துக்கு மாறாக முறிவதும் இம்மருந்துகளின் அரிதான பின்விளைவுகள். அவற்றுக்கு அஞ்சி மருந்தையே மறுப்பவர், அதைவிட மிக அதிகமான முறிவின் ஆபத்தை ஏற்கிறார். இவை எலும்பிலேயே தங்கிவிடுவதால், சில ஆண்டு எடுத்தபின் ஆபத்து குறைந்தவர்களுக்கு இடைவெளி விடலாம். ராங்க்-எல்லை முடக்கும் டெனோசுமாப் ஊசிக்கு இந்த இடைவெளி பொருந்தாது. ஆறு மாதத்துக்கொரு முறை போடும் அந்த ஊசியை நிறுத்தினால் அடக்கிவைத்த கரைப்பு ஒரேயடியாகப் பொங்கியெழுந்து, சேர்த்த எலும்பை ஓரிரு ஆண்டில் தின்றுவிடுகிறது. சிலருக்கு அடுத்தடுத்துப் பல முள்ளெலும்புகள் நசுங்குகின்றன. அதைத் தொடங்கும்போதே, நிறுத்த நேர்ந்தால் எந்த மருந்து அதன் இடத்தைப் பிடிக்கும் என்று மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆறாம் மாதத் தேதியைத் தவறவிடக் கூடாது.